சக்கரம் இல்லாத வேன்

இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான்தான். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

2025 ஏப்ரலில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தாறு வருசம் கொழுந்து லொறி ஓட்டியவர். மலையில நிறுத்துப் போட்ட கொழுந்தை ஃபெக்டரிக்குக் கொண்டு வந்து சேர்க்கிறது, திரும்பிப் போறது, மறுபடியும் வர்றது. ஒரு நாளைக்கு எத்தனை நடை போனாலும் தோட்டத்து எல்லையைத் தாண்டாத ஓட்டம். ரிட்டயர்ட் ஆன அன்றைக்கு ஒரு மாலையும் ஒரு ஃப்ளாஸ்க்கும் கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி அப்பா இஸ்தோப்புல உட்கார்ந்து லொறிச் சாவி இல்லாத கையை என்ன செய்றதுன்னு தெரியாமல் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. போனை எடுத்து யூடியூப்பில் ஒரு வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன்.

அவுஸ்திரேலியாவில் ஒரு கிழவனும் கிழவியும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேனை வாங்கி உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்து வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுகிறார்கள். அந்த நாட்டில் இப்படிச் சுற்றும் வயசாளிகளுக்கு ‘கிரே நோமட்’ என்று பேரே இருக்கிறது. நரைத்த நாடோடிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பா அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை முடிந்ததும் கேட்டார்:

"இந்த வேன்ல தலைமன்னார் வரைக்கும் போகலாமா பாப்பா?"

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை.

*

ஏன் தலைமன்னார் என்று கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று கணக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் இது ஒரு பந்தி. எங்கள் வீட்டில் இது அத்தை.

அப்பாவுடைய அக்கா. 1979இல் கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. மாமா குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்ததால் அத்தையும் போகவேண்டியதாயிற்று. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட முழு லயமும் போனதாம். அங்கிருந்து தலைமன்னார், தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கூடலூரில் மறுபடியும் தேயிலை. அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது. தலைமன்னார் வரைக்கும் கூடவே போகணும் என்று அழுதிருக்கிறார். தாத்தா கையில் டிக்கெட்டுக்குக் காசில்லை. அந்தக் கப்பலும் 1984இல் நின்றுபோனது.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்களே, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 முடிந்தது, ஞாபகம் இருக்கும். கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் காட்டு வழியாக நடந்து வந்த அதே பாதை. அப்பா தினமும் வேலை முடிந்து வந்து பேஸ்புக்கில் அதைப் பார்ப்பார். அவர் பார்த்தது நடந்தவர்களை அல்ல என்று நான் நினைக்கிறேன். பின்னால் தெரிந்த ரோட்டைத்தான் பார்த்தார்.

*

சரி, காசுக்கு வருவோம். வீட்டில் உண்மையான சண்டை இதில்தான்.

எங்கள் அப்பாமாருக்குப் பென்சன் கிடையாது. இருப்பது மூன்று காசு. ஒன்று ஈபிஎஃப்: சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம். இரண்டு ஈடிஎஃப்: தோட்டம் மட்டும் 3 வீதம். மூன்றாவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். அப்பாவின் கணக்கை நானே போட்டேன். நாள் சம்பளம் 1,350. அதைப் பதினாலால் பெருக்கினால் 18,900. முப்பத்தாறு வருசத்துக்கு 6,80,400 ரூபாய்.

முப்பத்தாறு வருசம் லொறி ஓட்டியதற்கு ஏழு லட்சம்கூட இல்லை. கல்குலேட்டரை இரண்டு தடவை அழித்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அதே இலக்கம்தான் வந்தது.

ஈபிஎஃப்பில் ஏற்கெனவே அக்கா கல்யாணத்தை ஒட்டி வீடு திருத்த என்று 30 வீதம் எடுத்தாயிற்று. மிச்சம் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். ஈடிஎஃப் இரண்டரை. எல்லாம் சேர்த்தால் இருபத்தொரு லட்சம். அதுவும் சும்மா வரவில்லை. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, தோட்டத்துப் பதிவில் வேறு எழுத்து. ‘இரண்டு பேரும் ஒரே ஆள்தான்’ என்று சத்தியக் கடதாசி முடித்து, கே படிவத்தைத் திருப்பித் திருப்பி நிரப்பி, தொழில் திணைக்களத்துக்கு நாலு தடவை அலைந்து, காசு கைக்கு வர ஜூலை ஆனது. அதே பேரில்தானே முப்பத்தாறு வருசம் பெரட்டில் கூப்பிட்டார்கள் என்று அப்பா கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இருபத்தொரு லட்சம் ரூபாயை எங்கள் வீட்டில் யாரும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. அதனால்தான் பயம்.

அந்த நேரம் பார்த்து தலவாக்கலையில் ஒரு வேன் விலைக்கு வந்தது. நிசான் வெனட், டீசல். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். உரிமையாளர் அப்பாவுக்குத் தெரிந்தவர். முழங்கால் வலி, இனி ஓட்ட முடியாது என்று விற்கப் பார்த்தார். கேட்டது பதினாறு லட்சம். அந்த வேன் என்னைவிட வயதில் மூத்தது. பழைய வாகனத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார், வேன் மறுபடியும் வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருசத்தில் நாட்டில் ஓடிக்கொண்டிருந்த இரும்பெல்லாம் தங்கமாகிவிட்டது.

அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். அப்பா வேனுக்கு அடியில் படுத்தார். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"சேசி பரவால்ல. தரைத் தகடு ரெண்டு எடத்துல உக்கிப் போயிருக்கு. பின் டயர் மாத்தணும்."

சைலன்சர் பக்கம் வந்து புகையை முகர்ந்தார். என்ஜினில் காதை வைத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர்கூட அப்பாவை இவ்வளவு நேரம் சோதித்ததில்லை. திருத்த வேலைக்கு இரண்டு லட்சம் என்று கணக்குப் போட்டார். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தால் இரண்டு பேர் படுக்கலாம், அடியில் பெட்டி வைக்கலாம், காஸ் அடுப்பைக் கதவுப் பக்கம் வைக்கலாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் விரிவுரைக் கொப்பியின் பின்பக்கத்தில் வேனைக் கீறிக் காட்டினார். அப்பா கீறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்லாவே கீறுகிறார்.

*

அம்மா அந்தப் படத்தைப் பார்த்தார். கொழுந்துக் கறை போகாத விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார்.

"இது என்னா?"

"படுக்கிற எடம்."

"இது?"

"அடுப்பு."

"துணிமணி?"

"அடியில பெட்டி இருக்குல்ல."

"அப்ப மழை வந்தா கதவ சாத்திக்கிட்டு உள்ளுக்கே சமைச்சு, உள்ளுக்கே சாப்பிட்டு, உள்ளுக்கே படுக்கணும்?"

"ஆமா."

அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல அதத்தானேங்க நாப்பது வருசமா செஞ்சுக்கிட்டு இருக்கேன். இது சக்கரம் இல்லாத வேன். அதுக்கு எதுக்குப் பதினாறு லட்சம்?"

நான் சத்தமாகச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது ஒருத்தர் சிரிக்காமல் இருப்பார்.

பிறகு அம்மா கேட்டதுதான் உண்மையான கேள்வி. "நானும் பேர் வெட்டிக்கிட்டா இந்தக் காம்பரா யாருக்கு?" அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தாறு. தம்பி கொழும்பில் கடையில். அக்கா கல்யாணமாகிப் போயாயிற்று. நான் கெம்பஸ். இன்னும் நாலு வருசத்தில் எங்கள் வீட்டில் தோட்டத்தில் பேர் உள்ள ஆள் யாரும் இருக்கமாட்டார்கள். லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்கிறோம். சில இடங்களில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும். எங்கள் டிவிசனுக்கு இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு அந்தக் காசு பேங்கில் இருக்கவேண்டும். எங்காவது நாலு பேர்ச் காணி சொந்தமாக வாங்கும் நாள் வரைக்கும்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ‘நோமட்லேண்ட்’ படம் ஞாபகம் வந்தது. 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் எடுத்த படம், க்ளோயி சாவ் இயக்கியது. அதில் வரும் ஃபெர்ன் என்ற பெண் வேனில் வாழ்கிறாள். முதல் தடவை பார்த்தபோது பாலைவனமும் வானமும்தான் எனக்குப் பிடித்தது. சுதந்திரம் என்று நினைத்தேன். அவள் ஏன் வேனுக்கு வந்தாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை. நெவாடாவில் எம்பயர் என்ற ஊர். உண்மையிலேயே இருந்த ஊர். ஒரு ஜிப்சம் கம்பனியின் ஊர் அது. வேலையும் கம்பனியுடையது, வீடும் கம்பனியுடையது. 2011இல் கம்பனி அங்கிருந்த ஃபெக்டரியை மூடியது. ஆட்கள் வீட்டை விட்டுப் போனார்கள். ஊருக்கு இருந்த தபால் குறியீட்டையும் எடுத்துவிட்டார்கள்.

அதாவது அமெரிக்காவில் ஒரு லயம்.

வேனில் சுற்றும் வயசாளிகள் இரண்டு வகை என்று அப்போதுதான் புரிந்தது. வீடு இருப்பதால் கிளம்புகிறவர்கள், வீடு இல்லாமல் போனதால் கிளம்புகிறவர்கள். யூடியூப் இரண்டையும் ஒரே மாதிரிப் பாட்டுப் போட்டுத்தான் காட்டுகிறது. நான் அப்பாவுக்கு முதல் வகையைக் காட்டினேன். அம்மா இரண்டாவது வகையைப் பார்த்துப் பயந்தார். இரண்டு பேரும் சரிதான்.

*

மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. நான் ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன்.

வாங்கினால்: வேன் 16, திருத்தம் 2, அடகில் இருக்கும் நகையை மீட்க 2. மிச்சம் ஒரு லட்சம். அதற்கு மேல் வருசா வருசம் இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். சீட்டைக் கழற்றிக் கட்டில் அடிக்கிறதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் கேட்கவேண்டும். டீசல் அப்போது லீற்றர் 280க்கு மேல். தலைமன்னார் போய் வர எழுநூறு கிலோமீற்றர் என்றால் இருபதாயிரம் டீசலுக்கே போகும்.

வாங்காவிட்டால்: நகையை மீட்டு மிச்சம் பத்தொன்பது லட்சம். எட்டு வீத வட்டிக்குப் போட்டால் மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டு பேருக்கு மருந்தும் அரிசியும்.

தாளைப் பார்த்தால் கேள்வியே இல்லை. எந்தப் பிள்ளையும் வாங்காதீங்க என்றுதான் சொல்லும். நானும் சொன்னேன். அப்பா "சரி பாப்பா" என்றார். அவ்வளவுதான். அந்த ‘சரி’யைத் தோட்டத்தில் எல்லா அப்பாமாரும் சொல்வார்கள். துரைக்கும் சொல்வார்கள், யூனியன் தலைவருக்கும் சொல்வார்கள். எனக்கும் அதையே சொன்னதும் எனக்கு என்னமோ செய்தது.

இரண்டு நாள் கழித்து நானே தலவாக்கலைக்குப் போன் எடுத்தேன். "மாமா, வேன் வாங்க முடியாது. ஆனா ஆகஸ்ட் ஸ்கூல் லீவுல ரெண்டு நாளைக்கு அப்பாக்கிட்ட ஓட்டத் தருவீங்களா? வாடகை குடுக்குறோம்." அந்த மனுசன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன். டீசல் அடிச்சுக்கங்க, பின் டயர நான் மாத்தித் தாறேன்" என்றார்.

*

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். அம்மா முதல் நாளே பழைய சேலை ஒன்றை வெட்டி வேன் கண்ணாடிகளுக்குத் திரை தைத்திருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன ஆள்தான். ‘ஊர் ஆளுங்க பாக்க நான் வேன்ல படுக்கமாட்டேன்’ என்பது காரணம்.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. என் கெம்பஸைத் தாண்டும்போது வெளிச்சம் வரவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அம்மா தேங்காய் உடைத்தார். அந்தக் காலத்தில் மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளை. நாங்கள் அதே பாதையில் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

அப்பா ஓட்டுவதை முன்சீட்டில் இருந்து பார்த்தேன். தம்புள்ளைக்குப் பிறகு ரோடு நேராகிவிட்டது. முப்பத்தாறு வருசம் கொண்டை வளைவில் முதலாம் இரண்டாம் கியரில் லொறி ஓட்டிய மனுசனுக்கு நேர் ரோடு கூச்சமாக இருந்தது போல. டாப் கியரில் போட்டுவிட்டு, வளைவு ஒன்றும் வராததால், கையை ஸ்டேரிங்கில் வைத்துக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

மதவாச்சி தாண்டியதும் வெயில் வேறு மாதிரி ஆனது. செட்டிகுளம், முருங்கன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே பார்த்தார். இரண்டு பக்கமும் காய்ந்த பற்றைக் காடு.

"இதுலயா நடந்து வந்தாங்க? புள்ளைகளத் தூக்கிக்கிட்டு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மன்னார் வரும்வரை அம்மா புழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மன்னார் டவுனில் கழுதைகள் ரோட்டில் நின்றன. பேசாலைப் பக்கம் பெரிய காற்றாடிகள் சுற்றின. தலைமன்னார் இறங்குதுறை. பழைய பாலத்தின் தூண்கள் கடலுக்குள் நிற்கின்றன. 1990இல் யுத்தத்தால் நின்ற ரயில் 2015இல் மறுபடியும் வந்துவிட்டது. கப்பல்தான் வரவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காற்று சத்தமாக அடித்தது. நான் கூடலூருக்கு வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்துப் போனை அப்பா கையில் கொடுத்தேன். அத்தைக்கு இப்போது அறுபத்தைந்து. கண் சரியாகத் தெரியாது.

"அக்கா, நான் தலைமன்னார்ல நிக்கிறேன்."

"என்னா? எங்க?"

"தலைமன்னார்லக்கா. தலைமன்னார்."

காற்றில் அத்தைக்குச் சரியாகக் கேட்கவில்லை. நாலு தடவை சொன்னார். கேட்டதும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு அத்தை கேட்டது: "சாப்பிட்டியாடா?"

அப்பா அழவில்லை. ‘சாப்பிட்டேன்க்கா’ என்றார். உண்மையில் அதுவரை நாங்கள் மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்று ராத்திரி திருக்கேதீஸ்வரம் கோயில் பக்கம் வேனை நிறுத்திப் படுத்தோம். சீட்டைக் கழற்றவில்லை. மடக்கிய சீட்டிலும் கீழே விரித்த பாயிலுமாக மூன்று பேர். நுளம்பு. புழுக்கம். அம்மா தைத்த திரை காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. யூடியூப் வீடியோவில் இந்த நுளம்பைக் காட்டுவதில்லை.

*

வேன் வாங்கவில்லை. காசு பேங்கில் இருக்கிறது, அப்பா அம்மா இரண்டு பேர் பேரிலும்.

இப்போது அப்பா அந்த வேனைத்தான் ஓட்டுகிறார். காலையும் மத்தியானமும் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. உரிமையாளர் விற்கும் யோசனையை விட்டுவிட்டார். சம்பளம் ஒன்று உண்டு. லீவு நாட்களில் டீசல் அடித்துக்கொண்டு எங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு.

இதை நல்ல முடிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முழுசாகச் சொல்ல வரவில்லை. அறுபது வயதில் ஒரு மனுசன் ஓய்வெடுக்கவேண்டும் என்று ஆரம்பித்த கதை அவருக்கு இன்னொரு வேலை கிடைத்ததில் முடிந்திருக்கிறது. தாளில் கோடு போட்டுக் கணக்கெழுதியபோது இரண்டு பக்கத்திலும் ரூபாய் இருந்தது. நேர் ரோட்டில் அப்பா சிரித்துக்கொண்டு ஓட்டிய அந்த ஒரு மணித்தியாலத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு ஒரு துண்டுக் காணிக்கு உறுதி இருந்திருந்தால் அம்மா இவ்வளவு பயந்திருக்கமாட்டார், அப்பாவும் அந்த ‘சரி’யைச் சொல்லியிருக்கமாட்டார் என்பது மட்டும் தெரியும்.

உங்கள் அப்பா அம்மாவுக்கும் இந்தக் காசு வரும் நாள் வரும். எவ்வளவு வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கே போக ஆசை என்று நீங்கள் ஒருத்தராவது கேட்டுப் பாருங்கள். போக முடியாமல் போகலாம். கேட்டால் ஒரு ஊர்ப் பேராவது தெரியவரும்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தியில் வேன் வந்து நின்றது. உள்ளே வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள். கண்ணாடியில் இன்னும் அம்மாவின் சேலைத் திரை தொங்குகிறது. கழற்றவில்லையா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கட்டும். டிசம்பர் லீவுல கதிர்காமம் போகணும்ல" என்றார்.